கரடியை இறக்க மாட்டேன்

மகனே,

உன் கடிதமும் அதற்குள் நீ மடித்து வைத்திருந்த அச்சு மாதிரியும் நேற்றுத் தபாலில் கிடைத்தன. உன் அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரம் முடித்ததும், "இந்த நோட்டீசுல சொல்லியிருக்கிற ஆளு ரொம்ப நல்லவரா இருக்காரு. யாருங்க அது?" என்றாள். நான்தான் என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தச் சிரிப்போடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆகவே என் எழுத்தில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டிருப்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. தையில் உனக்குக் கல்யாணம். கொழும்பில் ஜவுளிக்கடை வைத்துப் பேரோடு இருக்கிறவர் உனக்கு மாமனாராக வரப்போகிறார். இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் புதுக்கடை போட்டிருக்கிறவன், வண்டியை விட்டு இறங்குகிற ஆளிடமெல்லாம் நம் கடைக் கம்பளியைப் "பிணக் கம்பளி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தப் பேச்சு ரயிலேறி உன் மாமனார் காதுக்கும் போய்விட்டது. அவர் உன்னைக் கூப்பிட்டு, நடந்ததா நடக்கவில்லையா என்று கேட்காமல், பெயரை மாற்றிவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். கரடி மார்க்கை எடுத்துவிட்டு மகுடம் மார்க். பலகை புதிது, முத்திரை புதிது. "தொடங்கிய நாள் முதல் ஒரு குறைச்சொல்லும் கேட்டறியாத ஸ்தாபனம்" என்று பத்திரிகையில் விளம்பரம். கரடிப் பலகையைக் கல்யாணத்துக்கு முன்பே இறக்கிவிட்டால் சம்பந்தி வீட்டாருக்கு மனம் சமாதானமாகும் என்று நீயும் எழுதியிருக்கிறாய்.

இறக்க மாட்டேன். பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் என்று சொல்லாமல் விட்டால், கிழவனுக்குப் பிடிவாதம் என்று நீ நினைத்துக்கொள்வாய். பிடிவாதம் உண்டுதான். அதற்குக் கீழே வேறொன்றும் இருக்கிறது. அதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது என் பிழை. அதை இப்போது தீர்த்துவிடுகிறேன்.

கரடி எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். தெரியாதது போலவே திரும்பவும் சொல்கிறேன், அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நான் தலையில் மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாகக் கம்பளி விற்ற நாட்களில், மடுல்சீமைப் பக்கம் ஒரு மழைக்காலத்தில், விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு ஆட்கள் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூடுபனிக்குள் வந்து நின்றார்கள். பெரிய கங்காணி என்னைப் பார்த்து, "பாருங்க, உங்க கரடியெல்லாம் வேலைக்கு வந்திருச்சு" என்றார். நின்ற கூட்டம் முழுதும் சிரித்தது. கடை போட்டதும் அதையே முத்திரையாக்கினேன். ஒரு சாண் வெள்ளைத் துணியில் கறுப்புக் கரடி. ஒவ்வொரு கம்பளியின் மூலையிலும் வைத்துத் தைத்தோம். எழுத்துத் தெரியாத ஜனங்கள் கரடியைப் பார்த்து வாங்கினார்கள். என் பெயர் இன்றுவரை பாதிப் பேருக்குத் தெரியாது. கரடிக்கடை முதலாளி, அவ்வளவுதான். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ அப்போது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வயது. ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம். அங்கிருந்து இங்கே மாட்டு வண்டிதான். அந்த ஐப்பசி மழையில் பாதை சரிந்து, கடலுக்கு அக்கரையிலிருந்து வரவேண்டிய சரக்கு எங்கேயோ நின்றுவிட்டது. கடையில் ஒரு கம்பளி இல்லை. தோட்டத்து ஆட்கள் நனைந்துகொண்டு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "கரடிக்கடையிலேயே இல்லைன்னா எங்க போறது?" என்று ஒருவன் கேட்டான். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் கடையில் இல்லை என்று சொல்லக்கூடாது என்ற கர்வம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு தரகர் என்னை ஒரு சரக்குக் கிட்டங்கியின் பின்புறம் கூட்டிப்போய் ஒரு பெரிய மூட்டையைக் காட்டினார். எல்லாம் நாட்டுக் கம்பளி, நல்ல உரம். ஆனால் புதிதல்ல. பிடித்துப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்தது. மருந்து வாடை வேறு அடித்தது. "ஒரு தரம் வெளுத்தா புதுசுதாங்க" என்றார் தரகர். யார் போர்த்தியது என்று நான் கேட்கவில்லை. மறந்து போய்க் கேட்காமல் விடவில்லை, மகனே. கேட்டால் வாங்க முடியாமல் போகும் என்று தெரிந்தே கேட்கவில்லை.

பதுளை ஆற்றில் இரண்டு நாள் வெளுக்கப் போட்டேன். நம் கடைத் தையல்காரர் ரகீம் பாய் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மொதலாளி, இது ஆள் போத்துன சரக்கு மாதிரில்ல இருக்கு?" என்றார். "தையுங்க பாய்" என்றேன். பழைய ஓரம் நைந்திருந்ததால் அதை உள்ளே மடித்து அதன் மேல் புது ஓரம் வைத்துத் தைத்தார். மூலையில் கரடியையும் வைத்தார். அடுக்கி வைத்தபோது பழைய சரக்கு எது, புதுச் சரக்கு எது என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பிந்தி நின்ற சரக்கும் அதே வாரத்தில் வந்து சேர, இரண்டையும் கலந்து மடுல்சீமைக்கு அனுப்பினேன்.

ஒரு மாதம் சென்றது. பிறகு பெரிய கங்காணி சரக்குக் கேட்டு ஆளனுப்பவில்லை. பசறைச் சந்தைக்கு அனுப்பிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. என்ன ஏது என்று விசாரித்தால் யாரும் நேராகச் சொல்லவில்லை. கடைசியில் சந்தைக்குப் போன வண்டிக்காரன் வாயைத் திறந்தான். "கரடிக்கடைக் கம்பளி செத்தவங்க போத்துனதாம் மொதலாளி. அதப் போத்திக்கிட்டுப் படுத்தா, ராத்திரியில போத்துனவன் வந்து இழுக்கிறானாம். பசங்க பாட்டாவே பாடுறானுங்க." என்ன பாட்டு என்று கேட்டேன். தயங்கித் தயங்கிப் பாடிக் காட்டினான்:

"கரடிக்கடைக் கம்பளி,
காலு ரெண்டு எம்புது;
தலையப் பாத்தா நானு,
வாலப் பாத்தா பொணம்!"

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. மடுல்சீமையில் ஆட்கள் குடியிருக்கிற லயம் ஒன்றில் யாருக்கோ காய்ச்சல் கண்டு, அதிலிருந்து கிளம்பிய பேச்சு என்று தெரிந்துகொண்டேன். எனக்கு மூண்ட கோபத்தில், மூட்டையின் நினைவே வரவில்லை என்றால் நம்புவாயா? பொய் சொல்கிறவனுக்கு முதலில் மறந்து போவது தன் பொய்தான். என்னைக் கெடுக்க எவனோ கிளப்பிவிட்டான் என்றே நம்பினேன்.

அம்மா அப்போதே சொன்னாள். "இல்லேன்னு சொல்லிக்கிட்டு ஊர் ஊராப் போகாதீங்க. கேக்காதவங்களுக்கும் கேட்டுரும்." நான் கேட்கவில்லை. கேட்டால் நான் கரடிக்கடை முதலாளியா? தமுக்கடிக்கிறவர்கள் இருவரைப் பிடித்து, சம்பள நாளன்று பசறையிலும் பதுளையிலும் கூவச் சொன்னேன். என்ன கூவ வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன், அதிலும் எனக்குப் பெருமை: "கரடி மார்க் கம்பளி செத்தவர் போர்த்திய கம்பளி அல்ல! அல்ல! அல்ல!"

அன்று சாயங்காலமே அது எந்த லட்சணத்தில் வேலை செய்தது என்று தெரிந்துவிட்டது. ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கடை வாசலில் நின்றது. அந்தப் பக்கத்துக்கு இந்தப் பேச்சு எட்டியதே இல்லை. புருஷன் உள்ளே காலை வைத்தான். பெண்சாதி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்கு இந்தக் கடை? செத்தவன் கம்பளி இல்லேன்னு அடிச்சுச் சொல்றானே, அப்ப எங்கேயோ இருக்குனுதானே அர்த்தம்?" என்றாள். பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். என் செலவில், என் வாசகத்தில், அதுவரை மடுல்சீமையில் கிடந்த பேச்சை ஊவா மாகாணம் முழுவதற்கும் நானே விநியோகம் செய்துவிட்டேன். அந்த மூன்று "அல்ல"வும் காற்றோடு போய்விட்டன. செத்தவன் கம்பளி மட்டும் ஜனங்கள் காதில் நின்றது. உன் அச்சு மாதிரியில் "ஒரு குறைச்சொல்லும் கேட்டறியாத" என்று வருகிற இடத்தை வாசித்தபோது எனக்கு அந்தத் தமுக்குச் சத்தம்தான் கேட்டது. அதை வாசிக்கிற கொழும்புக்காரன் முதலில் கேட்கப்போவது, என்ன குறைச்சொல் என்பதைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்பிள்ளை கடைக்கு வந்தாள். பெயர் மாரியாயி, மடுல்சீமையில் கொழுந்தெடுக்கிறவள். காலையிலேயே புறப்பட்டு நடந்தும் வண்டியில் தொற்றிக்கொண்டும் வந்திருக்கிறாள். மடித்த கம்பளியைக் கல்லா மேசையில் வைத்தாள். தேயிலைக் கவையில் மாட்டி ஓரம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் பழைய ஓரம், அந்தப் பழைய ஓரத்தின் மூலையில் ஒரு சின்ன முடிச்சு. தையல் பிரித்திருந்தாள். உள்ளே கொஞ்சம் விபூதி, நாலாக மடித்த சிவப்பு நூல் ஒன்று. குழந்தையின் அரைஞாண் கயிறு; ஒரு வயதுப் பிள்ளை இடுப்பு அளவு.

கடல் தாண்டி வருகிறவர்களுக்கு வீட்டில் இப்படி முடிந்து கொடுப்பார்கள். எனக்கும் என் தாய் கொடுத்திருக்கிறாள், விபூதி மட்டும். பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவனுக்குப் பிள்ளையின் கயிற்றையும் சேர்த்து முடிந்திருக்கிறார்கள். மேசையில் அதைப் பார்த்தவுடன் எனக்கு மூட்டையும் மருந்து வாடையும் "தையுங்க பாய்" என்ற என் குரலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குரலைத் தாழ்த்தி, "உள்ளே வா தாயி, ரெண்டு புதுக் கம்பளி தாரேன், இத இங்கேயே வச்சிட்டுப் போ" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "கம்பளி வாங்க வரலீங்க மொதலாளி. இது யாரு பிள்ளையோட அருணாக்கயிறுனு கேட்டுட்டுப் போக வந்தேன். உசிரோட இருக்கிறவன் இதக் குடுப்பானா? இந்தக் கம்பளிய யாருகிட்ட வாங்கினீங்கனு சொல்லுங்க. எங்க பக்கத்து ஆளா இருந்தா, ஊருக்குப் போறவங்க கையில குடுத்துவிட்டுருவேன். அந்தப் பிள்ளைக்கு அவுக அப்பன் போன சங்கதியாவது தெரியணுமில்ல?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன்.

"வித்தவரு உங்களுக்குத் தெரியாதுன்னா, வாங்குன எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கேலியில்லை, கோபமும் இல்லை. கணக்குப் பிள்ளையிடம் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். ரகீம் பாய் மிஷினை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் கயிற்றைத் திரும்ப முடிந்துகொண்டு, கம்பளியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். வாசலில் திரும்பி, "தமுக்கடிச்சு அது இல்லேன்னு சொன்னீங்களே, அதுக்கு முன்னாடி இதக் கேட்டிருக்கலாம் நீங்க" என்றாள்.

மறுநாளே கொழும்புக்குப் போய் அந்தத் தரகரைப் பிடித்தேன். அவர் சிரித்தார். "வழியில காய்ச்சல்ல போனவன், பசிக்கு வித்தவன், திருடுனவன், எல்லாரோடதுந்தான் வந்து சேரும். இதுக்கெல்லாம் பேர் எழுதி வைப்பாங்களா?" என்றார். அவரிடம் எனக்குக் கோபப்பட உரிமையில்லை. அவர் கேள்வி கேட்காமல் வாங்கினார். நானும் அதையேதான் செய்தேன். நான் கூடுதலாக ஒரு கரடியை வைத்துத் தைத்தேன்.

திரும்பி வந்ததும் பெரிய கங்காணியைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஆள் பதறிப்போனார். "வெளிய சொல்லாதீங்க மொதலாளி. தொரை காதுக்குப் போச்சுன்னா நானும் தொலைஞ்சேன். அந்தப் பொம்பளைய நான் பாத்துக்கிறேன்" என்றார். பஜாரில் மற்ற முதலாளிமாரும் எனக்கு வேண்டியவர்கள்தான். அவர்கள் சொன்னது உன் மாமனார் சொல்கிற அதே யோசனை. "கரடிய எடுத்துட்டு மான் படத்தப் போடுங்க. ரெண்டு மழைக்காலம் போனா யாருக்கும் ஞாபகம் இருக்காது." நான் அம்மாவிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "மானுக்குப் பின்னாடியும் நீங்கதானே உக்காந்திருக்கப் போறீங்க?"

கடையிலிருந்த புதுக் கம்பளி எல்லாவற்றையும் இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மடுல்சீமைக்குப் போனேன். கங்காணி கெஞ்சினார், பிறகு கோபித்தார், கடைசியில் பெரட்டு எண்ணி முடிந்ததும் பேசிக்கொள்ள விட்டார். விடியவில்லை இன்னும். அதே மூடுபனி. அதே கறுப்புக் கம்பளிகள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்; அழகாகச் சொல்லவில்லை. "நாந்தான் கரடிக்கடை. போன மழையில நான் அனுப்புனதுல ஒரு மூட்டை, ஆள் போத்துன சரக்கு. தெரிஞ்சுதான் வாங்கினேன். யாரோடதுனு கேக்கல. தமுக்கடிச்சுச் சொன்னது பொய். எது அந்தச் சரக்குனு எனக்கே அடையாளம் தெரியாது, எல்லாத்துலயும் கரடி இருக்கு. அதனால எல்லாத்தையும் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கங்க."

வரிசையின் பின்னாலிருந்து ஒரு வயசான குரல் வந்தது: "மொதலாளி, புதுசுக்குள்ள ஆள் இருக்கானு நல்லாப் பாத்துட்டுக் குடுங்க!" கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முகத்தில் அடித்தது போல இருந்தது எனக்கு. வண்டியிலிருந்து ஒரு கம்பளியை உருவினேன். மடியிலிருந்த சூரிக்கத்தியால் நாலு பக்கத்து ஓரத்தையும் அவர்கள் முன்னாலேயே பிரித்து விரித்துப் பிடித்தேன். "நீங்களே பாத்துக்கங்க" என்றேன். முன் வரிசையில் நின்ற மாரியாயி வந்து விரலை விட்டு நான்கு ஓரமும் தடவிப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அடுத்தவள், "எனக்கும் பிரிச்சே குடுங்க" என்றாள். அப்படியே எல்லாரும். சூரியன் ஏறும்வரை பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் கொப்புளம் போட்டுவிட்டது. அன்றைக்குக் கொழுந்து நேரம் போனதற்குத் துரை கங்காணியைத் திட்டினாராம். கங்காணி என்னோடு நெடுநாள் பேசவில்லை. திரும்பி வந்த கம்பளிகளை அங்கேயே லயத்துக்குக் கீழே குவித்துக் கொளுத்தினேன். நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் எரிந்தது. கரடிகளும் எரிந்தன.

நம் கடையில் கம்பளியை ஏன் ஓரம் தைக்காமல் அடுக்கி வைத்திருக்கிறோம், வாங்குகிறவர் பார்த்த பிறகு ஏன் ரகீம் பாய் அவர் கண்முன் தைத்துக் கொடுக்கிறார் என்று நீ சின்ன வயதில் என்னைக் கேட்டாய். அது நம் கடை வழக்கம் என்று சொல்லி முடித்துவிட்டேன். இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இது காலதாமதம், கொழும்பில் மிஷினில் தைத்துக் கட்டாக அனுப்பலாம் என்று இப்போது நீ எழுதுகிறாய். காலதாமதம்தான். அந்தத் தாமதத்தில்தான் நம் பெயர் நிற்கிறது. இந்த ஊரில் மிஷினும் பலகையும் வாங்க யாராலும் முடியும். வாங்குகிறவன் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற அந்த நேரத்தை ஸ்டேஷன் கடைக்காரனைக் கொடுக்கச் சொல், பார்ப்போம்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. இரண்டு மழைக்காலம் பாதிக் கடை தூங்கியது. ஒரு தோட்டம் இன்றுவரை நம்மிடம் வாங்குவதில்லை. அவர்கள் செய்வது சரி. பாட்டை இன்னும் பிள்ளைகள் பாடுகிறார்கள். பாடட்டும். அதை நிறுத்த எனக்கு வழியும் இல்லை, நியாயமும் இல்லை. ஆனால் மகனே, ஸ்டேஷன் கடைக்காரன் அதைப் பாடுவதற்கும் மடுல்சீமைக்காரன் பாடுவதற்கும் வித்தியாசம் உண்டு. மடுல்சீமைக்காரன் பாடிவிட்டு நம்மிடம் வந்து கம்பளி எடுக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறதே, அது என்ன என்று நீ கேட்டபோது, நேர்த்திக்கடன் என்று சொன்னேன். அது பொய். அந்தப் பெரட்டு முடிந்த பிறகு மாரியாயி என் கையில் கொடுத்தது அது. "நான் எங்கனு தேடுவேன்? உங்க கடைனா நாலு ஊரு ஆளுக வந்து போற இடம். என்னைக்காவது யாராவது கேட்டு வருவாங்க. கரடி இருக்கிற கடைனு நான் எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்" என்றாள். சொல்லியும் வைத்தாள். அக்கரைக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், அப்பன் இலங்கைக்கு வந்து திரும்பாத பிள்ளை யாராவது இருந்தால் பதுளையில் கரடி போட்ட கடைக்குப் போகச் சொல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு தீபாவளிச் சந்தைக்கும் வந்து வாசலில் நின்று, "அந்தப் பிள்ளை வந்துச்சாங்க?" என்பாள். "வரல தாயி" என்பேன். போன தீபாவளிக்கு அவள் வரவில்லை. அவள் மகள் வந்தாள். அவளும் அதையே கேட்டாள்.

அந்தப் பிள்ளை உயிரோடிருந்தால் உன் வயதிருக்கும். வருவான் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை. நான் வியாபாரி, நடக்கக்கூடியது எது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் ஒருவன் பதுளை ஸ்டேஷனில் இறங்கி, கரடிக்கடை எங்கே என்று கேட்டால், அப்படியொரு கடை இப்போது இல்லை, மகுடம் இருக்கிறது என்று யாரும் சொல்லக்கூடாது. என்னை ஏசுவதற்கு வந்தாலும் அவன் வந்து சேர ஓர் அடையாளம் வேண்டும். அதற்காகத்தான் இறக்க மாட்டேன் என்கிறேன். பெயர் கெட்ட அன்று நான் அதை விட்டு ஓடவில்லை. இப்போது ஜவுளிக்கடைக்காரர் முகம் சுளிக்கிறார் என்று ஓடுவேனா?

நான் செய்ததைக் கேள். இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்று இதே தபாலில் உன் மாமனாருக்குப் போகிறது. இன்னொன்றைக் கடைக் கதவில் ஒட்டப்போகிறேன். ஸ்டேஷன் கடைக்காரன் பாதிக் கதை சொல்லிச் சிரமப்பட வேண்டாம், முழுக்கதையும் இங்கே இருக்கிறது. திரும்பவும் தமுக்கடிக்கிறீர்களா என்று அம்மா கேட்டாள். அன்று இல்லை என்று சொல்ல அடித்தேன், இன்று ஆமாம் என்று சொல்ல ஒட்டுகிறேன் என்றேன். பசை காய்ச்சிக் கொடுத்தாள்.

இதனால் கல்யாணம் நின்றுபோகலாம். உனக்கு அந்தப் பெண்மேல் பிரியம் என்று அம்மாவுக்கு நீ எழுதியது எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதும்போது என் கை இரண்டு இடத்தில் தயங்கியது. மையைப் பார்த்தால் உனக்கே தெரியும். நின்றுபோனால் என்மேல் கோபப்படு. உனக்கு அந்த உரிமை உண்டு, நான் பதில் பேச மாட்டேன். ஆனால் மூடித் தைத்த ஓரத்தோடு உன்னை ஒரு வீட்டுக்கு அனுப்ப நான் தயாராக இல்லை. அதை ஒரு தரம் செய்து பார்த்தாயிற்று.

அந்தப் பெண்ணுக்கென்று ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். இருப்பதில் நல்லதாகப் பார்த்து அம்மா எடுத்தது. மூலையில் கரடி இருக்கிறது. நாலு பக்கமும் ஓரம் தைக்கவில்லை. விரலை விட்டு நன்றாகத் தடவிப் பார்க்கச் சொல். பார்த்த பிறகும் வேண்டும் என்றால், அவளே தைத்துக்கொள்ளட்டும்.

அப்பா